சிவப்பு மார்புக் குருவிகள்

முந்தாநாள் காலையிலிருந்து குன்வோருக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆஸ்பியோர்னின் குருவிகள் அத்தனையும் அவள் முற்றத்துக்கு வந்துவிட்டன.

"ஆரம்ப சூரன்" என்றாள், சமையலறை ஜன்னலில் நின்று.

ஓஸ்லோவிலிருந்து குடிவந்த மனுஷன். இலையுதிர் காலம் பிறந்ததும் கடையிலிருந்த தீவனக் கூண்டையெல்லாம் வாங்கி ஆப்பிள் மரத்தில் மாட்டினான். கிறிஸ்துமஸுக்குக் கம்பத்தில் ஓட்ஸ் கதிர்க்கட்டு, அதுவும் சிவப்பு நாடா கட்டி. குருவிக்கு எதற்கு நாடா?

குளிர்காலத்தில் இரை போடத் தொடங்கினால் வசந்தம் வரை நிறுத்தக் கூடாது. நம்பி வந்தது விறைத்துச் செத்துவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவன் நிறுத்திவிட்டான். கூண்டெல்லாம் காலி.

வாசல் பனியைக்கூடத் தள்ளவில்லை, சோம்பேறி. பட்டப்பகலில் விளக்கு வேறு எரிகிறது.

எத்தனையோ வருஷமாக மாட்டுக்கொழுப்பும் விதையும் வைத்துக் காத்திருந்தவள் அவள். சிவப்பு மார்புக் குருவிகள் எட்டிப் பார்த்ததில்லை. அவன் வந்ததும் அவனிடம் போய் ஒட்டிக்கொண்டன. இப்போது அவளுடைய பலகையில், கூட்டமாக. பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது. அதற்கும் அவன் மேல்தான் எரிச்சல் வந்தது.

இரண்டு நாள் ரசித்தும் ஆசை அடங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஆறும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

அழைக்காத வீட்டுப் படியை இங்கே யாரும் மிதிப்பதில்லை. குன்வோர் மிதித்தாள். தட்டினாள். பதில் இல்லை. என்ன திமிர்.

தள்ளினாள். பூட்டாத கதவு பாதி திறந்து எதிலோ முட்டி நின்றது.

ஒரு பூட்ஸ் கால்.

கோட்டும் குல்லாயுமாக ஆஸ்பியோர்ன் தரையில் கிடந்தார். பக்கத்தில் கவிழ்ந்த வாளி. நடையெல்லாம் சூரியகாந்தி விதை. உதடு வெடித்திருந்தது.

"இடுப்பு போச்சு" என்றார். அவளைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "அதுங்க பசிக்கு உங்க வீட்டுக்குத்தான் வரும், பாத்ததுமே உங்களுக்கு விளங்கிடும், ஓடி வந்துடுவீங்கன்னு நெனச்சுட்டே கெடந்தேன். எப்ப வந்துச்சு? இன்னைக்கா?"

குன்வோர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினாள். அவர் இன்னும் பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, இன்னைக்குத்தான்" என்றாள்.