காற்றாடி விடும் அப்பா

"போதும் மன்ஹர்பாய், உட்காருங்க" என்றான் டைரக்டர் பார்கவ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"இது அழுகை சீன், தம்பி."

"தெரியுமே! சங்கராந்தி அன்னிக்கு மொட்டைமாடியில தனியா காத்தாடி விடுற அப்பா. எப்பவும் நூல் உருளையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பையன் செத்துப் போயிட்டான். கதையைப் படிச்சுட்டு ராத்திரி பூரா நான் தூங்கலை. ஆனா, நீங்க மாடிப்படி ஏறினாலே அகமதாபாத்தே சிரிக்கும்."

"எத்தனை குஜராத்திப் படத்துல வழுக்கி விழுந்திருப்பேன்! ஒரே ஒரு தடவை ஜனங்களை அழ வெக்கணும்னு ஆசை."

பார்கவ் சங்கடத்தோடு டீயை அவர் பக்கம் நகர்த்தினான்.

"நான் மட்டும் வேணாம்னு சொன்னதா இருக்க வேணாம். எழுதினவர் யாரோ பரிமல்னு புது ஆளு. தபால்ல அனுப்பினார், இன்னும் பேசினதுகூட இல்லை. படம் எடுக்கிறோம்னு இப்பத்தான் சொல்லப்போறேன். உங்களைப் பத்தியும் கேட்டுடறேன். அவர் சரின்னா எனக்கும் சரி."

கதையின் கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அழுத்தினான்.

மன்ஹரின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

பார்கவ் வாயைப் பிளந்தான். மன்ஹர் அதைக் கொஞ்ச நேரம் அடிக்க விட்டார். பிறகு எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க டைரக்டர் சார், பரிமல்தான் பேசறேன். ராத்திரி பூரா தூங்கலையாமே, ரொம்ப சந்தோஷம். ஆனா அந்தக் காமெடிக்காரன் மட்டும் வேணாம். என் கதையைக் கெடுத்துடுவான்."