உள்ளே மட்டும் புதுசு

"மூச்சை இழுத்துப் பிடிங்க மேடம்... இன்னும் கொஞ்சம்... ம்ஹூம், எட்டாது."

டிரையல் ரூமுக்குள் கணக்கு டீச்சர் மூச்சை விட்டாள். மூன்றாவது பிராவும் முதுகில் ஹூக்குக்கு எட்டாமல் தோற்றுப்போனது. கடைப் பெண் அதை உருவி எடுத்தபோது, வெளியே தெருவில் கார் ஹாரன் இரண்டு தரம் அலறியது.

மாப்பிள்ளைதான். பெண்கள் உள்ளாடைக் கடை என்பதால் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். பதிவாளர் ஆபீஸ் மூடுவதற்குள் போனால்தான் இன்றைக்குக் கல்யாணம். அவள் வயதுக்கும் எடைக்கும் இன்னொருத்தர் வரப்போவதில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவளும் சரி என்றுவிட்டாள்.

"இதுக்கு மேல நமக்கு ஆகாது. இருங்க, பெரிய சைஸ் பாக்குற அக்காவைக் கூப்பிடுறேன்" என்று அந்தப் பெண் தப்பித்து ஓடினாள்.

திரை விலகியது. வந்த அக்காவும் டீச்சர் அகலமே இருந்தாள். இப்படி ஒரு கடையில் தன் வாகுள்ள ஒருத்தியை டீச்சர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அக்கா சிரித்துக்கொண்டேதான் நுழைந்தாள். கல்யாணத்துக்குப் போட ஆணியில் தொங்கிய சந்தன நிறக் கவுனைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. கண் கவுனிலிருந்து டீச்சரின் உடம்புக்கு வந்தது. மறுபடி கவுனுக்குப் போனது.

டீச்சருக்குப் பழகிய பார்வைதான். இவ்வளவு சதையை அந்தத் துணிக்குள் எப்படித் திணிப்பது என்ற கணக்கு. வகுப்பில் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ரோடு ரோலர். அதுகூட உறைப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது.

"அளவு எடுக்கணும்ல?" என்று அவளே கையைத் தூக்கினாள்.

"வேணாம். கையை இறக்குங்க." அக்காவின் கழுத்தில் டேப் சும்மா தொங்கியது. "இது ஒண்ணுதானா, வேற துணியும் உண்டா?"

பையிலிருந்து இன்னும் இரண்டு வெளியே வந்தன. ராத்திரி விருந்துக்கு உடம்போடு ஒட்டுகிற கறுப்பு கவுன். பயணத்துக்குக் குடை மாதிரி விரிகிற நீலப் பாவாடையும் சட்டையும்.

அக்கா ஒவ்வொன்றையும் மடியில் போட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு போய், அரை நிமிஷத்தில் நாலைந்து பெட்டிகளோடு திரும்பினாள்.

"கறுப்புக்குத் தையலே இல்லாத கப். ஜட்டி இடுப்போட நின்னா அங்க ஒரு மடிப்பு தெரியும், அதனால வயித்துக்கு மேல ஏறுறது. நீலத்துக்கு உள்ள அரைத்தொடை வரைக்கும் இந்த ஷார்ட்ஸ். இல்லேன்னா நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள தொடை உரசித் தீயா எரியும்."

"எனக்கு உடம்பு ஜாஸ்தி, அதான்..."

"துணியைத் திட்டுங்க, உடம்பைத் திட்டாதீங்க. பாவம், அது என்ன பண்ணுச்சு?"

டீச்சருக்கு லேசாகச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் போன் அடித்தது. அறை முழுக்கக் கேட்டது அவர் குரல்.

"ரெண்டு ஜட்டி வாங்க இவ்ளோ நேரமா? கடையையே வாங்கிட்டியா?"

"இதோ வந்துட்டேங்க."

பெட்டியைத் திறந்துகொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. எழுந்து, திரையை இன்னும் இழுத்து மூடினாள்.

"இந்தச் சந்தனக் கலருக்குக் கழுத்து அகலமாச்சே, ஸ்ட்ராப் வெளிய தெரியாதா?" என்றாள் டீச்சர். "ஸ்ட்ராப் இல்லாதது போட்டா நழுவுது."

"நமக்கு ஸ்ட்ராப் வேணும். அகலமாவே வேணும்." அக்கா புது பிராவை மாட்டி ஹூக் போட்டாள். சுலபமாக எட்டியது. கவுனைத் தலைவழியாக இறக்கி, குனிந்துகூடப் பார்க்காமல் தோள்பட்டைக்கு உள்ளே விரலை விட்டாள். விரல் நகம் அளவு சின்னப் பட்டி ஒன்று வெளியே வந்தது. ஸ்ட்ராப்பை அதற்குள் விட்டு அமுக்குப் பட்டனை அழுத்தினாள். டிக்.

கண்ணாடியில் கவுன் முதல் தடவையாக ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடுகிற மாதிரி டீச்சருக்கு எங்கோ குறுகுறுத்தது.

"ரொம்ப வருஷமா இந்த வேலையாக்கா?"

"போன வருஷம்தான். கட்டின துணியோட வந்து நின்னேன், சேத்துக்கிட்டாங்க." அக்கா கவுனின் மடிப்பை நீவிவிட்டாள். "துணி புதுசில்ல போல?"

"இல்லக்கா. அவரோட மொத சம்சாரத்தோடது. அவங்க சைஸுக்கும் கடையில கிடைக்காதாம், எல்லாம் அவங்களே தச்சுப் போட்டதாம். 'மேல போடுறதுக்கு வீட்ல கிடக்கு, உள்ள போடுறதை மட்டும் நீ வாங்கிக்கோ'ன்னுட்டார்."

"அவங்க எங்க இப்போ?"

"செத்துட்டாங்க. போன வருஷம், ஏதோ ஜுரமாம். நான் ரொம்பத் தோண்டிக் கேக்கல."

ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை விடாமல்.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு திரையைப் பிடித்தாள். ஏதோ நினைவு வந்து திரும்பினாள். "ஆமா, வீட்ல மூணு தரம் இதைப் போட்டுப் பாத்தேன், உள்ள பட்டி இருக்கிறதே தெரியல. நீங்க எப்படிக்கா பாக்காமலே எடுத்தீங்க?"

அக்கா கிட்டே வந்து அவள் தோளில் கையை வைத்தாள்.

"அதைத் தச்சது நான்தான்மா."