கனகம்மா வாங்கிய கார்டு

"இருக்கிறதிலேயே பெரிய கார்டா எடு பிள்ளை. இருநூத்தம்பத்தாறு ஜிபி இருக்கா?"

கைப்பேசிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு அப்பால் நின்ற சுகந்தினி நிமிர்ந்து புன்னகைத்தாள். "இருக்கு ஆண்ட்டி. எதுக்கு, போனுக்கா?"

"கார்ல பாட்டுக் கேக்க."

"அப்ப அது வேணாம். முப்பத்திரண்டு போதும். அதுக்கு மேல போட்டா அந்த ரேடியோ படிக்காது. கார்டுதான் பெருசா இருக்கும், பாட்டு வராது."

பேராசை இல்லாத பெண். கனகம்மா மனத்துக்குள் முதல் மதிப்பெண்ணை இட்டாள்.

பெக்கான் நானாஸிலிருந்து பொந்தியானுக்கு அவள் வந்தது கார்டு வாங்குவதற்கு அல்ல. கோயிலில் வரன் பேசும் செல்வராணி நீட்டிய புகைப்படத்தில் இருந்த பெண் இவள். வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டோடு போவதா, வேண்டாம் என்று சொல்லிவிடுவதா என்று இன்றே பதில் சொல்லியாக வேண்டும். பட்டுடுத்தித் தலைகுனிந்து காப்பி நீட்டும் நாளில் எந்தப் பெண்தான் குணவதியாகத் தோன்றமாட்டாள்? பொன்னைப் பேழையில் பார்த்தால் போதாது, கல்லில் உரைத்துப் பார்க்கவேண்டும் என்பது கனகம்மாவின் சித்தாந்தம்.

ஒரே மகன் பிரேமகுமார் படத்தை ஒருமுறை பார்த்தான், "உங்க இஷ்டம்மா" என்றான், அத்தோடு அடங்கிவிட்டான். பிள்ளையை அப்படி வளர்த்திருக்கிறாள். அவனைக் காரோடு சந்தைக்குப் பின்புறம் நிறுத்தி, "தலையைக் காட்டாதே" என்று ஆணையிட்டுவிட்டுத் தனியே கடைக்குள் நுழைந்திருந்தாள்.

"எனக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. பதிகம் வேணும், ஓதுவார் பாடினது. இருக்கா? இல்ல, பதிகம்னா என்னன்னு கேக்கப் போறியா?"

"ஏன் ஆண்ட்டி, என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று சிரித்தபடியே சுகந்தினி கணினியின் பக்கம் திரும்பினாள். "மொத்தமாப் போட்டுடட்டுமா? இல்ல, பகல் பண்ணு, ராப்பண்ணுன்னு தனித்தனி ஃபோல்டரா பிரிக்கட்டுமா?"

கனகம்மா கைப்பையின் வாரை இறுகப் பற்றிக்கொண்டாள். பகலில் பாடுவதற்குரிய பண் எது, இரவில் பாடுவதற்குரிய பண் எது என்பது இக்காலத்தில் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? கோயில் நிர்வாகத்தாரே விடியற்காலையில் இராப்பண்ணை ஒலிபெருக்கியில் அலறவிடுகிறார்களே!

"பிரிக்காட்டி என்ன? எல்லாம் பாட்டுதானே?" என்று தூண்டில் போட்டாள்.

"அது எப்படி ஆண்ட்டி? பகல் பண்ணை ராத்திரியில போட்டா காதுக்குச் சேரும், நெஞ்சுக்குச் சேராது."

கனகம்மாவுக்கு மெய் சிலிர்த்தது. வீட்டில் அன்றாடம் அவள் சொல்லும் வாக்கியம் அது. சொல்லுக்குச் சொல் அதுவே. ஒத்த உள்ளங்கள் இப்படித்தான் ஒன்றையொன்று இனங்காணும் போலும்!

பொறுமை ஒன்றுதான் பாக்கி. அதையும் உரைத்துப் பார்த்துவிடத் துணிந்தாள். "இந்தக் கறுப்புக் கார்டு எனக்குப் பிடிக்கல. வேற நிறத்தில காட்டு."

சிவப்பு வந்தது, வேண்டாம் என்றாள். நீலம் வந்தது, உதட்டைப் பிதுக்கினாள். பின்னால் காத்திருந்த மலாய்ப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார்.

"சபார் யா, பாக்சிக்" என்று அவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சுகந்தினி இன்னொரு தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். "உள்ள போனா வெளியே தெரியாத சாமான் ஆண்ட்டி. சேலைக்கு மேட்ச்சாவா தேடுறீங்க?"

பெரியவருக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் கனகம்மா வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டு அவரும் சிரித்துவைத்தார். வாயும் இருக்கிறது இவளுக்கு! இருக்கட்டும். வாயில்லாத மருமகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் சுவரோடு பேசுவது?

பாட்டுகளை ஏற்றி, கார்டைச் சிறு உறையிலிட்டு நீட்டும்போது சுகந்தினி சொன்னாள்: "சொருகிட்டு அந்த மூடியை நகத்தால ஒரு அழுத்து அழுத்துங்க ஆண்ட்டி. இடது பக்கம் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும். அழுத்தாட்டி பாட்டு வராது."

"சரிம்மா. நல்லாயிரு" என்று வாயார வாழ்த்திவிட்டுக் கனகம்மா வெளியேறினாள். சந்தையைத் தாண்டுவதற்குள் செல்வராணியைத் தொலைபேசியில் அழைத்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை தட்டோட வர்றோம்னு பொண்ணு வீட்டில சொல்லிடு. சல்லடை போட்டுச் சலிச்சுட்டேன் லா. என் கண்ணு தப்பாது."

காரில் பிரேமகுமார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "என்னம்மா ஆச்சு?"

"நான் பொறுக்கின பொண்ணு சோடை போகுமா? நாள் குறிச்சாச்சு. நீ அந்தப் பிள்ளையை நேர்ல பார்த்ததுகூட இல்ல, பாவம். என்னை நம்பு."

"உங்களை நம்பாம யாரைம்மா நம்புறது?" என்றான் அவன், சாலையை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மகன் காரின் ரேடியோவில் அவள் இதுவரை கைவைத்ததில்லை. இன்று உரிமையோடு கார்டைத் தானே சொருகினாள். சத்தமே இல்லை. பார்த்தால், மூடி இடது பக்கம் சற்றே தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினாள். பகற்பண் கணீரென்று எழுந்து காரை நிறைத்தது.

கனகம்மா கண்களை மூடிக் கைகூப்பினாள். இரண்டாம் அடி முடிவதற்குள் கண்களைத் திறந்தாள்.

"தம்பி."

"ம்?"

"எந்தக் காருன்னு அந்தப் பிள்ளை என்னைக் கேக்கவே இல்லையே?"

பிரேமகுமார் பாட்டின் ஒலியைச் சற்றே கூட்டிவைத்தான்.