நாவலைத் தின்ற எலி

"குதிரை செத்துடும். இந்தப் படத்தோட நாவலையே தின்னவன் நான், எனக்குத் தெரியாதா?" என்று படத்தின் நடுவில் எலி கத்தியது. திரையில் பறக்கும் குதிரை கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

முதல்முறையாகச் சினிமா பார்க்க வந்த புறாவுக்கு அழுகை முட்டியது. "சும்மாதானே சொல்றீங்க எலியண்ணே?"

திரைக்கு மேலே ஒட்டியிருந்த பல்லி, "இச் இச்" என்றது.

"ஐயோ, பல்லியே சொல்லிடுச்சு," என்று புறா தேம்பியது. பல்லி சொன்னால் நடந்தே தீருமாம். குதிரை அவ்வளவுதான்.

"அட லூசு, தொண்டையில பூச்சி சிக்கிக்கிச்சு," என்றது பல்லி.

அதற்குள் குதிரை இறக்கையை உதறிக்கொண்டு கடலிலிருந்து கிளம்பிப் பறந்தது. புறாவும் சந்தோஷத்தில் தியேட்டரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

எலி மட்டும் திட்டியது. "நாவலைக் கெடுத்துட்டானுங்க. குதிரை சாகிற பக்கத்தைத் தின்னுட்டு எனக்கு அன்னைக்குச் சோறே எறங்கல. அதுதான் கதை. இதெல்லாம் ஒரு படமா?"

"அப்போ அடுத்த காட்சிக்கு வராதீங்க. வந்தா வாயைத் திறக்கக் கூடாது," என்றது புறா.

அடுத்த காட்சிக்கு எலிதான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது. குதிரை கடலில் விழுந்ததும், "எழுந்திரு தங்கம், எழுந்திரு" என்று தியேட்டரே அதிரக் கத்தியது.