மிச்சமிருந்த ஒரு புள்ளி

"வேகமா வந்தேன், ஒத்துக்கிறேன். அதுக்காக லைசென்ஸைப் புடுங்கிடாதீங்க."

"மிஸ்யே, நான் கையைக் காட்டினது எதுக்குன்னா..."

"தெரியும். ஃபோன் பேசிக்கிட்டே ஓட்டினேன். அதுவும் தப்புதான்."

சொன்ன பிறகுதான் எதியென் கர்பொனெல் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்காத குற்றத்தைத் தானே எடுத்துக் கொடுத்தாயிற்று.

தெற்கு பிரான்சில், ஆர்ல் நகரத்துக்குப் போகும் சாலையில் மர நிழலில் நின்று அவர் காரை மறித்திருந்தார் அந்தப் போலீஸ்காரர். நீல உடுப்பு, தொப்பி, அடர்ந்த மீசை. பின்னால் ஒரு பழைய வெள்ளைக் கார், எஞ்சின் மூடியைத் திறந்துபோட்டபடி. வண்டி கெட்டுப்போன மாதிரி பாவனை செய்து ஆள் பிடிக்கிறார்கள். நல்ல தந்திரம் என்று எதியென் மனசுக்குள் மெச்சினார். பதினெட்டு வருடம் தொலைக்காட்சியில் கமிஷனர் தெல்மாஸாக வந்தவர் அவர். ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடும் கமிஷனர். இந்தத் தந்திரமெல்லாம் அவருக்குத் தெரியாதா?

தொடர் முடிந்ததிலிருந்து வேலை இல்லை. இப்போதுதான் ஒரு சினிமா வாய்த்திருக்கிறது. டாக்ஸி டிரைவர் வேஷம். இன்று முதல் நாள். படம் முழுக்க அவரேதான் ஓட்டியாக வேண்டும். அந்த ஊரில் ஒவ்வொரு தப்புக்கும் லைசென்ஸிலிருந்து புள்ளிகளை வெட்டுவார்கள்; அவருடையதில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு புள்ளி. அது போனால் லைசென்ஸ் போயிற்று, வேஷமும் போயிற்று.

கறுப்புக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார். தொடரில் எத்தனையோ கொலைகாரர்களை நடுங்கவைத்த கழற்றல்.

"என்னை அடையாளம் தெரியுதா, தம்பி?"

"தெரியாமலா? டிவில நீங்க வந்தா எங்கம்மா சூப்பைக்கூட ஆறவிட்டுடுவாங்க."

அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த ஆள் கார்க் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏதோ சொல்ல வந்து, மென்று விழுங்கினார். இவர் விஷயம் தெரிந்தவர், வாயைப் பிடுங்குகிறார் என்று எதியெனுக்கு உறைத்தது. மதியச் சாப்பாட்டோடு குடித்த ரோஸே ஒயினையும் ஒப்புக்கொண்டார். ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்து, அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இரண்டு என்று திருத்திக்கொண்டார்.

போலீஸ்காரர் முகத்து வியர்வையைத் துடைத்தார். கையோடு பாதி மீசை வந்துவிட்டது.

"மிஸ்யே, நானும் உங்க படத்துலதான். கூட்டத்துல நிக்கிற போலீஸ். கார் படுத்துடுச்சு, ஏத்திக்குவீங்களான்னு கேக்கத்தான் கையைக் காட்டினேன். உடுப்பை நேத்து அளவு பார்க்கக் கொடுத்தாங்க, கழட்ட மனசு வரல."

தொங்கிய மீசையை அழுத்தி ஒட்டிக்கொண்டு, அவன் ஜன்னலருகே குனிந்தான்.

"சின்னப் பிள்ளைகூட உன்னை போலீஸ்னு நம்பாது, வேற ஆளைப் போடப்போறேன்னு டைரக்டர் சொல்லிட்டாரு, மிஸ்யே. இப்ப இங்க நடந்ததை நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"