இரவல் ராஜ்தூத்

விக்டருக்குச் சந்தேகமே இல்லை. ஹெட் கிளார்க் அற்புதசாமியை அவன் கொன்றாகிவிட்டது. ஊருக்குத் தெரியவேண்டியதுதான் பாக்கி.

புத்தூரில் அவன் வீட்டு வாசலில், காலையில் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் நின்ற இடம் காலியாக இருந்தது. விரித்த செய்தித்தாளின் மேல் ஒரு ஜோடி தேய்ந்த பிரேக் ஷூ கிடந்தது. இன்னொரு தேய்ந்த ஜோடி, கடையில் காட்டுவதற்காக அவன் கொண்டுபோன பைக்குள் இருந்தது. இப்போது வாங்கிவந்த புதுசுகளும் அதே பைக்குள்தான். ஆக, வண்டியின் இரண்டு சக்கரத்திலும் பிரேக் என்று எதுவுமே இல்லை.

வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்ற ஆசையில் வந்த வினை. சக்கரங்களைக் கழற்றிப் பழசை எடுத்தவனுக்குச் சக்கரமில்லாத வண்டியை வாசலில் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. சக்கரங்களை வெறுமனே பூட்டி நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுச் சைக்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் முகம்மது கனி கடைக்குப் போயிருந்தான்.

"வண்டியில பிரேக் இல்லடி. சாவிய ஏன் குடுத்தே?"

"ஞாயித்துக்கிழமைன்னா அவரு வந்து கேக்குறதும் நீங்க குடுக்குறதும் இன்னிக்கு நேத்தா நடக்குது?" என்றாள் அவன் மனைவி இருதயமேரி. "ஸ்ரீரங்கத்துல ஏதோ ஜோலியாம். ஊட்டி மலையில பிரேக்கே தொடாம இறங்கினவராச்சே, சமாளிச்சுக்குவாரு போங்க."

சொன்னவள் புருஷன் முகத்தைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆபீசில் ஃபைல் நகர்கிறதோ இல்லையோ, அற்புதசாமியின் மோட்டார் சைக்கிள் கதைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். பட்டாளத்து வண்டியில் ஊட்டியிலிருந்து இறங்கியது, எழுபத்தேழு வெள்ளத்தில் சைலன்சர் மூழ்க ஊரைச் சுற்றியது என்று ஒன்று மாற்றி ஒன்று. விக்டர் கிளட்ச் பிடிக்கும் லட்சணத்தைப் பற்றித் திங்கள்கிழமைதோறும் ஒரு பிரசங்கம் உண்டு.

அதே தெருவில் குடியிருக்கும் மேலதிகாரி கேட்டால் சாவியை நீட்டத்தானே வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் மனிதர் தங்கம். எவ்வளவு தூரம் போய்வந்தாலும் டேங்கில் பெட்ரோல் துளியும் குறைந்திருக்காது. போகிற இடத்தில் ஊற்றிவிடுவார் போலிருக்கிறது. அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதும் இல்லை.

அப்பேர்ப்பட்டவரைத்தான் கொன்றாகிவிட்டது. விக்டர் மறுபடி சைக்கிளில் ஏறி மிதித்தான்.

தில்லைநகர் தாண்டும்வரை வழியில் ஒன்றும் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் திடுமென்று திரும்பியபோது, அதன் முன்னால் அற்புதசாமி பிரேக்கை மிதிப்பதும், அது சும்மா கீழே போவதும் மனக்கண்ணில் தெரிந்தன.

காவிரிப் பாலத்தில் கூட்டம் நின்றது. விக்டர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அச்சு முறிந்த மாட்டுவண்டி. ரோடெல்லாம் வாழைத்தார். மோட்டார் சைக்கிள் ஏதாவது போயிற்றா என்று கேட்டதற்கு யாரும் பார்க்கவில்லை என்றார்கள். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையும் ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

அம்மா மண்டபம் வரை போய்த் தேடிவிட்டுத் திரும்பினான். இனி அவர் மனைவி வியாகுலம்மாளிடம் உண்மையைச் சொல்வதுதான் மிச்சம். சொல்லவேண்டியதை வழியெல்லாம் கூட்டிப் பார்த்தான். எப்படிக் கூட்டினாலும் கடைசியில் அந்த அம்மாள் மயங்கி விழுந்தாள்.

தெருவுக்குள் திரும்புமுன் மாதா கோயில். போகும்போது ரோட்டையே பார்த்து மிதித்தவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பூசை முடிந்து ஜனம் கலைந்துகொண்டிருந்தது. மதிலோரம் ராஜ்தூத் நின்றது. அதன் சீட்டில் ஒரு கையை ஊன்றியபடி, கூலிங்கிளாசுடன், முழு உயிரோடு அற்புதசாமி நின்றார். தன் மகளைப் பெண் கேட்டு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நிற்க, ஊட்டி மலையின் மூன்றாவது வளைவில் இறங்கிக்கொண்டிருந்தார்.

விக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து மதில் மூலைக்கு இழுத்துப் போனான்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. வண்டியில பிரேக்கே இல்ல சார். முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. எப்படி சார் நிறுத்தினீங்க?"

அற்புதசாமி கூலிங்கிளாசைக் கழற்றினார். மாப்பிள்ளை வீட்டார் நிற்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு விக்டரின் காதோரம் குனிந்தார்.

"மெதுவா பேசுப்பா. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."