குடிபூரல்

கனடாவில், மொன்றியல் நகரின் மேற்கே ஒரு பழைய தோட்டத்தில், கட்டும்போதே இடிந்த தோற்றத்தில் கட்டிய கல்வீடு ஒன்று இருக்கிறது. கூரை வைக்கவேயில்லை. புகைபோக்கி வெறும் காட்சிக்குத்தான். அதில் விரல் நுழையக்கூடத் துவாரம் இல்லை. நூற்றைம்பது வருடமாக அழகுக்காக இடிந்து நின்றது.

அதை இடிந்தபடியே காப்பதுதான் மேசன் தவராசாவின் வேலை. பனி உருகியதும் பழைய படத்தோடு ஒப்பிடுவார். படத்தில் இல்லாத கற்கள் சுவரில் ஏறியிருக்கும், சாந்தும் காய்ந்திருக்கும். உளியால் பெயர்த்துக் கீழே போடுவார். அடுத்த வருடம் இன்னும் இரண்டு வரிசை கூடியிருக்கும்.

பதினோராவது வருடம் உளியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"தானாக் கட்டுறதை நான் இனி இடிக்கமாட்டன்," என்று மேலாளரிடம் சொன்னார். வேலை போயிற்று.

இந்த ஏப்ரலில், முன்பு அவரோடு வேலை செய்த நிமலன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணை, கூரை முடிஞ்சுது. கதவும் இருக்கு."

மனைவி மங்களேஸ்வரி உடனே பானையைக் கழுவினாள். "புதுவீடெண்டாப் பால் காய்ச்சிக் குடிபூர வேணுமெல்லோ. வெளிக்கிடுங்கோப்பா."

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அடுப்பில் விறகு அடுக்கியிருந்தது. மங்களேஸ்வரி கற்பூரத்தால் தீ மூட்டினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

தவராசா முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்.

"இஞ்ச வந்து பாருமப்பா!" என்று தோட்டமே கேட்கக் கத்தினார்.

விரல் நுழையாத புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.